சுகர் எண்ணும் மூச்சின் எண்ணிக்கையும்: கீட்டோ அசிடோசிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆம்புலன்ஸில் பணிபுரிகிறவர்கள் எழுதியவை. ஒன்றிரண்டு, நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எழுதியவை. எல்லோரும் கேட்டிருப்பது ஒரே ஆபத்தைப் பற்றித்தான்: நீரிழிவு கீட்டோ அசிடோசிஸ், அதாவது இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் நிலை; பணியாளர்கள் பேச்சில் ‘டிகேஏ’. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஆம்புலன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்தது. ஆக்சிஜன் அளவு 99 சதவீதம் இருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டபோது கோளாறு எதுவும் தெரியவில்லை. தேர்வு நெருங்குகிறது என்று வீட்டார் சொன்னதால் பதற்றம் என்று முடிவு செய்து, மெதுவாக மூச்சு விடும்படி சொல்லிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே டிகேஏ என்றார்கள். எங்கே தவறினோம்?

பதில்: நீங்கள் பார்த்தவை எல்லாம் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. ஆக்சிஜன் குறையவில்லை, நுரையீரலும் தெளிவாக இருக்கிறது, அப்படியிருந்தும் ஒருவருக்கு இப்படி மூச்சு வாங்குகிறதென்றால், கோளாறு இரத்தத்தில் இருக்கலாம் என்ற ஐயம் முதலில் எழ வேண்டும். இன்சுலின் இல்லாத உடலில் சர்க்கரை இரத்தத்தில் நிறைந்து கிடந்தாலும் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. அவற்றில் முக்கியமான இரண்டு அமிலங்கள். இரத்தத்தில் அமிலம் ஏறும்போது அதை ஈடுகட்ட உடலுக்கு உடனே கிடைக்கும் ஒரே வழி, கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுவதுதான். நீங்கள் பார்த்த மூச்சிரைப்பு அந்த முயற்சி. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதை 1874-இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம்.

பதற்றத்தில் விடும் மூச்சுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. பதற்றமுள்ளவரின் மூச்சு பெரும்பாலும் ஒழுங்கற்றது. பேச்சுக் கொடுத்தால் மாறும். விரல்களும் உதடுகளும் மரத்துப்போவதாக அவரே சொல்வார். குஸ்மால் மூச்சு ஆழமானது, கடிகாரம் போல ஒரே சீரானது, ஆறுதல் சொன்னாலும் மாறாதது. படுக்கையருகே நின்று ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த இடத்தில் போதாது. எண்ணிக்கையோடு ஆழத்தையும் சீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிமிடத்திற்கு முப்பதுக்கு மேல், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவும் வயிறும் சேர்ந்து ஏறி இறங்குகின்றன, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது என்றால், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. மூச்சில் பழுத்த பழம் போன்ற, அல்லது நகப்பூச்சை அழிக்கும் திரவம் போன்ற வாடை வரலாம். ஆனால் அந்த வாடை சிலருடைய மூக்குக்கு எட்டாது. ஆகவே அது வந்தால் துப்பு, வராவிட்டால் ஒன்றையும் மறுக்காது.

வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. சில வாரங்களாக உடல் இளைத்ததா? இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழித்தாரா? தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாரா? வாந்தியோ வயிற்றுவலியோ உண்டா? வயிற்றுவலி மிகவும் ஏமாற்றும். குடல்வால் அழற்சி, உணவு ஒவ்வாமை, இரைப்பைக் கோளாறு என்று பெயர் சூட்டப்பட்ட வலி, அமிலம் குறைந்ததும் தானே மறைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீரிழிவு இருப்பதே தெரியாத ஒருவருக்கு முதல் அறிகுறியே டிகேஏவாக வருவதுண்டு. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் இது அரிதன்று. எனவே “இவருக்குச் சுகர் இல்லை” என்று வீட்டார் சொல்வதற்குப் பொருள், இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பது மட்டுமே.

உங்கள் வண்டியில் கேப்னோகிராபி, அதாவது வெளிமூச்சின் கரியமில வாயுவை அளக்கும் கருவி இருந்தால் மூக்கில் பொருத்தும் குழாயை மாட்டுங்கள். வெளிவிடும் மூச்சின் இறுதியில் கரியமில வாயு இயல்பாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். சுகர் மிகுந்து, மூச்சு வேகமாகி, இந்த எண் இருபதுகளிலோ அதற்கும் கீழோ நின்றால் அமிலத் தேக்கத்திற்கு அது வலுவான சான்று. பதற்றத்திலும் இந்த எண் குறையும் என்பதால் தனியாக எடுத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். சுகர் எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: குளுக்கோமீட்டரில் எண் வராமல் ‘ஹை’ என்று மட்டும் வருகிறது. அதை டிகேஏ என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பல கருவிகளில் டெசிலிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் போனால் ‘ஹை’ என்று காட்டும், சிலவற்றில் எல்லை 500. உங்கள் கருவியின் எல்லை எது என்பதை அதன் கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொட்டை நம்புவதற்கு முன் விரலைத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரல் பொய் சொல்லும். கை சில்லிட்டு, இரத்த ஓட்டம் தளர்ந்த நிலையில் விரல்நுனி எண் உண்மையிலிருந்து விலகியிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஆனால் உயர்ந்த சுகர் மட்டும் டிகேஏ ஆகாது. கீட்டோனும் அமிலமும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இரத்தக் கீட்டோன் பார்க்கும் பட்டை இருந்தால் பயன்படுத்துங்கள்: லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இயல்பு, 3 அல்லது அதற்கு மேல் என்றால் டிகேஏ என்றே கொண்டு செயல்பட வேண்டும். சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிடேட்டை மட்டும்தான் காட்டும்; டிகேஏவில் பெருமளவு சேர்வது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட். ஆகவே சிறுநீர்ப் பட்டையில் நிறம் மங்கலாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம்.

வயதானவர், பல நாட்களாகச் சோர்வு, கடுமையான நீரிழப்பு, குழப்பம், கருவியில் ‘ஹை’, ஆனால் மூச்சு மட்டும் அமைதியாக இருக்கிறது என்றால் அது வேறொரு நிலையாக இருக்கலாம். ஹைப்பர் ஆஸ்மோலார் நிலை என்பார்கள். அதிலும் முதல் உதவி திரவம்தான்.

கேள்வி: சுகர் 180 மட்டுமே இருந்த ஒரு பெண்ணுக்கு டிகேஏ என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இது சாத்தியமா?

பதில்: சாத்தியம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கும்போதே சுகர் இறங்கியிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2015-இலேயே எச்சரித்தது. கர்ப்பிணிகளிடமும், பல நாள் சாப்பிடாமல் இருந்தவர்களிடமும், சிறிதளவு இன்சுலின் போட்டுக்கொண்டே வந்தவர்களிடமும் இதைக் காணலாம். மருந்துச் சீட்டைப் பார்த்து, ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் கண்ணில் பட்டால், வாந்தியும் வேகமான மூச்சும் உள்ளவருக்குச் சுகர் எண் எதுவானாலும் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். டிகேஏவைத் தீர்மானிக்கச் சுகரைவிட மூச்சு நம்பகமான சாட்சி என்று நான் பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: நோயாளியின் பையிலேயே இன்சுலின் பேனா இருக்கிறது. “போட்டுவிடுங்கள்” என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். சுகர் 500-க்கு மேல் இருக்கும்போது நாங்கள் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

பதில்: கடிதங்களில் மிகுதியாக வந்த கேள்வி இது, கேட்டவர்களின் தவிப்பும் புரிகிறது. இந்த நோய்க்கு இன்சுலின்தான் மருந்து என்பதில் ஐயமே இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு அது செலுத்தப்படும் வரை, டிகேஏ என்றால் பெரும்பாலும் மரணம் என்றே பொருள். இருந்தும் ஆம்புலன்ஸில் அதைத் தவிர்ப்பதற்குக் காரணம் பொட்டாசியம்.

சுகர் சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு போவதில்லை, பொட்டாசியத்தையும் கொண்டுபோகிறது. டிகேஏவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் குறைந்திருக்கும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 180 முதல் 300 மில்லிமோல். ஆனால் அமிலமும் இன்சுலின் இன்மையும் செல்களுக்குள் இருந்த பொட்டாசியத்தை இரத்தத்துக்குத் தள்ளிவிடுவதால், இரத்தத்தில் பார்த்தால் இயல்பாகவோ உயர்ந்தோ தெரியும். கஜானா காலியாகியும் மேசைமேல் மட்டும் பணம் கிடப்பது போன்ற நிலை அது. இந்த நேரத்தில் இன்சுலின் போட்டால் அந்தப் பொட்டாசியம் செல்களுக்குள் விரைந்து திரும்பும்; இரத்தத்தில் திடீரென இறங்கும்; இதயம் தாளம் தவறும். மருத்துவமனையிலேயே பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பொட்டாசியத்தை ஏற்றுகிறார்கள். அதை அளந்து பார்க்க வழியில்லாத வண்டிக்குள் ஊசி போடுவது, ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

உறவினர்களுக்கு இத்தனையும் விளக்க நேரம் இருக்காது. “இப்போது அவருக்கு அவசரமாகத் தேவை தண்ணீர், அதை ஏற்றுகிறோம், இன்சுலினை இரத்தப் பரிசோதனை பார்த்து அங்கே தொடங்குவார்கள்” என்று சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். அது சமாதானத்துக்காகச் சொல்லும் பேச்சும் இல்லை. திரவம் ஏறியதுமே சுகர் நீர்த்துக் குறையத் தொடங்கும். சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். குழந்தைகளுக்கு மருத்துவமனையிலும் திரவம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின் தொடங்குகிறார்கள்.

நீங்கள் கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. ஈசிஜி எடுங்கள். கூர்மையாக உயர்ந்த டி அலையும் அகன்ற கியூஆர்எஸ்ஸும் பொட்டாசியம் மிகுந்ததைக் காட்டும்; தட்டையான டி அலையும் அதைத் தொடரும் யூ அலையும் குறைந்ததைக் காட்டும். நடுவயதைக் கடந்தவரானால் அந்தத் தாளில் மாரடைப்பையும் தேடுங்கள். டிகேஏவைக் கிளப்பிவிட்டதே வலியில்லாத மாரடைப்பாக இருக்கலாம்.

கேள்வி: சலைன் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் ஏற்றலாம்? குழந்தைகளுக்கு வேகமாக ஏற்றினால் மூளை வீங்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: உங்கள் சேவையின் நெறிமுறையே முதன்மையானது, நான் சொல்வது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. பெரியவர்களுக்கு டிகேஏவில் உடல் இழந்திருக்கும் நீர் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர், அதாவது பலருக்கு ஐந்தாறு லிட்டர். மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் 0.9 சதவீத சலைன் 500 மில்லிலிட்டரைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றி, மறுபடி அழுத்தம் பார்த்து, தேவையானால் இன்னொரு 500. அழுத்தம் 90-ஐத் தாண்டியிருந்தால் முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர் போதும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு 250 மில்லிலிட்டராகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். நரம்பு கிடைக்கவில்லை என்று வீட்டு வாசலில் இருபது நிமிடம் குத்திக்கொண்டிருக்காதீர்கள். ஓரிரு முயற்சிக்குப் பின் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். அதிர்ச்சி நிலையில், அதாவது இரத்த ஓட்டம் ஆபத்தாகத் தளர்ந்த நிலையில் இருப்பவருக்கு எலும்புக்குள் செலுத்தும் ஊசி உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் அச்சத்திற்கு அடிப்படை இருக்கிறது. டிகேஏ வந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் மூளை வீக்கம் வெளிப்படையாக வருகிறது. ஆனால் வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் இறக்கிறார்கள். பழியை நீண்ட காலமாகச் சலைனின் வேகத்தின்மேல்தான் போட்டுவந்தோம். அமெரிக்காவில் 13 மையங்களில் 1,389 டிகேஏ நிகழ்வுகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திரவம் வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும், அதில் சோடியம் கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், மூளை சார்ந்த விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதன் பொருள், கட்டுப்பாடில்லாமல் ஊற்றலாம் என்பதாகாது. அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்குத் திரவம் தரப் பயந்து நிற்கக் கூடாது என்பதே. அதிர்ச்சி இல்லாதபோது கிலோவுக்கு 10 மில்லிலிட்டரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். அதிர்ச்சி இருந்தால் கிலோவுக்கு 20 வரை விரைவாக ஏற்றி, நாடியையும் கைகால்களின் சூட்டையும் மறுபடி பாருங்கள். எடையை ஊகிக்காமல் பெற்றோரிடம் கேளுங்கள். இந்நோயுள்ள குழந்தையின் எடை அண்மையில் குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வழியில் கவனிக்க வேண்டியது குழந்தையின் பேச்சை. ஏறும்போது பெயர் சொன்ன குழந்தை பாதி வழியில் உளறினாலோ, தலைவலி என்று அழுதாலோ, நாடி மெதுவாகி அழுத்தம் ஏறினாலோ, மூளை வீக்கம் என்றே கொள்ளுங்கள். தலைப்பக்கத்தை முப்பது டிகிரி உயர்த்துங்கள், திரவத்தின் வேகத்தைக் குறையுங்கள், மருத்துவமனைக்கு உடனே சொல்லுங்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டாலோ 3 சதவீத சலைனோ தர அனுமதி உள்ள சேவைகளில் அதைத் தொடங்கும் நேரம் அதுவே.

கேள்வி: ஆக்சிஜன், சோடியம் பைகார்பனேட், வாந்தி நிறுத்தும் ஊசி – இவற்றைத் தரலாமா?

பதில்: ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும். அமிலம் என்றதும் அதை முறிக்கும் பைகார்பனேட் தரத் தோன்றும். வழக்கமாகத் தர வேண்டாம், பொட்டாசியத்தை அதுவும் இறக்கும். வாந்தி நிறுத்தும் ஆன்டான்செட்ரான் தரலாம், ஆனால் ஈசிஜியில் கியூடி இடைவெளி நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

கேள்வி: நினைவில்லாமல் கிடக்கும் டிகேஏ நோயாளிக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு மூச்சைக் கட்டுப்படுத்துவது பாதுகாப்பானது தானே?

பதில்: முடிந்தவரை தவிர்க்க வேண்டியது அது. ஒரு கணக்கைப் பாருங்கள். நோயாளியின் பைகார்பனேட் 5, அவர் கடுமையாக மூச்சு வாங்கிக் கரியமில வாயுவை 15-இல் பிடித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அப்போது இரத்தத்தின் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடியதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 7.15. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து, குழாய் போட்டு, வழக்கம்போல நிமிடத்திற்குப் பன்னிரண்டு மூச்சு கொடுத்தால் கரியமில வாயு நாற்பதுக்கு ஏறும், பிஎச் 6.7-க்கு விழும். இதயம் நிற்கப் போதுமான வீழ்ச்சி அது. நோயாளி தன் முழு வலுவையும் கொண்டு செய்துவந்த வேலையை நாம் பறித்துக்கொண்டு பாதியளவுகூடச் செய்யாமல் விடுவதால் நேரும் கேடு.

தானாக மூச்சு விட்டு, சுவாசப் பாதையும் திறந்திருந்தால், பக்கவாட்டில் படுக்க வைத்து, வாந்தியை உறிஞ்சும் கருவியைக் கையருகே வைத்துக்கொண்டு விரைந்து போவதே நல்லது. மூச்சு தளர்ந்துவிட்டால் பையும் முகமூடியும் கொண்டு அவருடைய மூச்சோடு சேர்த்துக் கொடுங்கள்; நிமிடத்திற்கு இருபத்துநான்கு முதல் முப்பது வரை. வேறு வழியின்றிக் குழாய் போட நேர்ந்தால், போடுவதற்கு முன் கேப்னோகிராபி காட்டிய எண்ணை எழுதி வைத்து, போட்ட பின்னும் அதே எண்ணில் நிறுத்துங்கள். இங்கே இயல்பான 40 என்பது ஆபத்தான எண்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது, முதல் வகை நீரிழிவு. ஆம்புலன்ஸ் வரும் வரை நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தொலைபேசியில் மூன்று செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: முதல் வகை நீரிழிவு, வாந்தி, மூச்சு வேகமாக இருக்கிறது. உங்கள் மகள் விழிப்புடன் இருந்தால் தண்ணீரைச் சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாப்பிடவில்லை என்ற காரணத்துக்காக நாள் முழுதும் வேலை செய்யும் இன்சுலினை எந்நாளும் நிறுத்தாதீர்கள். டிகேஏவுக்கு அழைத்துச்செல்லும் வழக்கமான பாதை அது. உடல்நலமில்லாத நாட்களுக்கென்று அவளுடைய மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்சுலின் திட்டம் இருந்தால் அதன்படி செய்யலாம். ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு நான் மேலே சொன்ன தடை, அவளை அறிந்த மருத்துவர் முன்கூட்டியே வகுத்துத் தந்த திட்டத்துக்குப் பொருந்தாது. ஆயினும் அதைச் செய்து பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்சுலின் பம்ப் பயன்படுத்துபவளானால் குழாய் மடங்கியிருக்கிறதா, தோலில் செருகிய இடம் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பம்பில் விரைவு இன்சுலின் மட்டுமே இருப்பதால், அது தடைப்பட்டுச் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறிவிடும்.

கேள்வி: மருத்துவமனையை முன்கூட்டியே அழைத்து என்ன சொல்ல வேண்டும்? நாங்கள் “சுகர் அதிகம்” என்று சொன்னால் யாரும் அசைவதில்லை.

பதில்: அந்தச் சொற்களுக்கு யாரும் அசைய மாட்டார்கள், சுகர் அதிகமுள்ள நோயாளிகள் அங்கே எப்போதும் இருக்கிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டிகேஏ என்று ஐயப்படுகிறோம். இருபத்திரண்டு வயதுப் பெண். மூச்சு நிமிடத்திற்கு 36, ஆழமாக. வெளிமூச்சில் கரியமில வாயு 17. சுகர் கருவியில் ‘ஹை’, கீட்டோன் 5.8. நாடி 128, அழுத்தம் 94-க்கு 60. கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச்சில் குழப்பம். சலைன் 500 ஏறிவிட்டது. ஈசிஜியில் டி அலை கூர்மை. கடைசியாக இன்சுலின் போட்டது நேற்றுக் காலை ஏழு மணி.” முப்பது வினாடிகூட ஆகாது. காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். டிகேஏவில் தொற்று இருந்தும் உடல் சூடு இயல்பாகவோ குறைந்தோ இருக்கக்கூடும். இன்சுலின் பேனாக்கள், மருந்துச் சீட்டு, நோயாளியின் சொந்தக் குளுக்கோமீட்டர் மூன்றையும் ஒரு பையில் போட்டுப் படுக்கையோடு ஒப்படையுங்கள். கடந்த இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்பது பெரும்பாலும் அந்தக் கருவியின் நினைவகத்தில் நேரத்தோடு பதிவாகியிருக்கும்.